துளையும் சாவியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கிளாரினெட் வாங்குவதைப் பற்றியே. மேடைக் கலைஞர்கள் யாரும் எழுதவில்லை. வேலை முடிந்து மாலையில் ஊதுகிறவர்கள், ஊத ஆசைப்படுகிறவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த ரகம்தான். பகலில் கருவிகளைப் பிரித்து பேட் (துளையை மூடும் சின்ன மெத்தை) மாற்றுகிறேன். வாரக் கடைசியில் ஒரு அமெச்சூர் பேண்டில் மூன்றாம் கிளாரினெட் வரிசையில் உட்காருகிறேன். அதனால் என் பதில்கள் கொஞ்சம் பழுதுபார்ப்பவன் பக்கம் சாய்ந்தே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் ரெக்கார்டர் வாசித்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் கிளாரினெட் ஆசை வந்திருக்கிறது. ஜெர்மன் கிளாரினெட் கலைஞர்கள் கார்ல் லைஸ்டர், சபீனே மேயர் ஒலிப்பதிவுகளைக் கேட்டதிலிருந்து அந்த ஜெர்மன் நாதம் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. விசாரித்த இடமெல்லாம் "போம் முறையே வாங்குங்கள்" என்கிறார்கள். ஓலர் முறை வாங்கினால் தப்பா?

பதில்: தப்பே இல்லை. போம், ஓலர் இரண்டும் துளைகளையும் சாவிகளையும் அமைக்கும் முறைகள். போம் பிரான்சில் பிறந்தது, ஓலர் ஜெர்மன் முறை. ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதை வாசிக்கிறார்? அவர் போம் என்றால் நீங்களும் போம். அவர் ஓலர் என்றால் ஓலர். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்து உங்கள் விரலைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கருவிகள் வேறு வேறாக இருந்தால் முதல் பாடத்திலேயே ஆளுக்கொரு விரல் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆசிரியர் இன்னும் அமையவில்லை என்றால்தான் மேலே பேசவே இடமிருக்கிறது.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் வலது கையில் பளிச்சென்று தெரியும். இடது கைத் துளைகளையெல்லாம் மூடி, ரெஜிஸ்டர் சாவியை (சுரத்தை மேல் வரிசைக்குத் தாவவைப்பது) அழுத்தி, வலது ஆள்காட்டி விரலை மட்டும் வையுங்கள். போம் கருவியில் எஃப் சுரம் பேசும். ஜெர்மன் கருவியில் அதே விரலுக்கு எஃப் ஷார்ப். ஜெர்மன் கருவியில் எஃப் வேண்டுமானால் ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் மூடியிருக்க, நடுவிரலைத் தூக்க வேண்டும். இதை ஃபோர்க் என்பார்கள். ரெக்கார்டர் வாசித்த கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. உங்கள் விஷயத்தில் ஓலருக்குச் சாதகமான ஒரே அம்சம் என்று இதைச் சொல்வேன்.

அடுத்தது சுண்டுவிரல். போம் கருவியில் அடிமட்டத்து ஈ, எஃப், எஃப் ஷார்ப் மூன்றுக்கும் இரண்டு சுண்டுவிரலுக்கும் சாவி உண்டு. அதே சாவிகள்தான் மேல் ரெஜிஸ்டரில் பி, சி, சி ஷார்ப். எந்தக் கையில் பிடிப்பது என்று முன்கூட்டியே யோசித்து இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மன் முறையில் ஈயும் எஃப் ஷார்ப்பும் இடது சுண்டுவிரலுக்கு, எஃப்பும் ஏ ஃப்ளாட்டும் வலதுக்கு. ஒரே கையில் இருக்கும் இரண்டு சுரங்களுக்கு இடையே போக, சாவிகளின் ஓரத்தில் இருக்கும் சின்ன உருளைகள்மேல் விரலைச் சறுக்க வேண்டும். பழகியவர் சறுக்குவதைப் பார்த்தால் அழகாக இருக்கும். பழகுகிறவருக்கு வியர்க்கும்.

எது பழசு, எது முன்னேறியது என்ற சண்டைக்குள் போகாதீர்கள். போம் முறைக் கிளாரினெட்டை உருவாக்கியவர்கள் யாசிந்த் குளோசே என்ற ஆசிரியரும் லூயி ஒகுஸ்த் பஃபே என்ற கருவிக் கைவினைஞரும். தியோபால்ட் போம் புல்லாங்குழலில் கொண்டுவந்த, துளையைச் சுற்றி நிற்கும் வளையச் சாவியை எடுத்துக் கிளாரினெட்டில் பொருத்தினார்கள். 1839-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள், 1844-ல் காப்புரிமை. ஜெர்மன்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இவான் முல்லர் 1812-ல் காட்டிய 13 சாவிக் கருவியையே கார்ல் பேர்மன், அப்புறம் பெர்லினின் ஆஸ்கர் ஓலர் என்று கைமாறிக் கைமாறி மெருகேற்றினார்கள். ஓலர் கருவியில் ஃபோர்க் எஃப் மங்கலாக ஒலிக்காமல் இருக்க ஒரு தனி மூடியே வேலை செய்கிறது. வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பநிலை ஜெர்மன் கருவிகள் பலவற்றில் அந்த மூடி கிடையாது. பெயருக்கு ஜெர்மன் முறை, எஃப் மட்டும் மூக்கடைத்த மாதிரி வரும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட நாதத்துக்கு வருவோம். அது சாவிகளிலிருந்து வருவதில்லை. உள்துளையை எப்படிக் குடைந்திருக்கிறார்கள், மௌத்பீஸின் (வாயில் வைக்கும் பகுதி) முனை எவ்வளவு திறந்திருக்கிறது, ரீட் (அதிர்ந்து ஒலி தரும் நாணல் தகடு) எவ்வளவு அகலம், எல்லாவற்றுக்கும் மேல் யார் வாயில் இருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. ஜெர்மன் மௌத்பீஸ் குறுகலானது, முனையின் திறப்பும் சிறியது. ரீட்டை உலோகப் பட்டையால் இறுக்காமல் நூல் சுற்றிக் கட்டுகிறவர்கள் அங்கே இன்றும் அதிகம். இதற்குச் சாட்சி வேண்டுமா? ரிஃபார்ம் போம் என்று ஒரு வகை இருக்கிறது. விரல் வைப்பதெல்லாம் போம், உள்துளையும் மௌத்பீஸும் ஜெர்மன் வழி. வுர்லிட்ஸர் பட்டறைக் கருவிகள் இதில் பேர்போனவை. கண்ணை மூடிக் கேட்டால் ஜெர்மன் கருவி என்றே நினைப்பீர்கள். ஆனால் எண்ணிக்கையில் குறைவாகக் கைவேலையில் வருவதால் விலை ஆரம்பக்காரருக்கு எட்டாது.

ஓலர் வாங்குவதென்றால் ஒரு சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ரீட். சாதாரணக் கடையில் அடுக்கியிருப்பது பிரெஞ்சு வெட்டு ரீட். அதை ஜெர்மன் மௌத்பீஸில் வைத்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இரண்டு பக்கமும் வழியும். வான்டோரன் வொயிட் மாஸ்டர் போல அதற்கென்றே வருகிறவற்றைத் தேடி வரவழைக்க வேண்டும். மௌத்பீஸ் தேர்வும் குறைவு. பழுது வந்தால் ஓலர் சாவிகளின் பின்னலைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ இருப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அங்கே அதுதான் இயல்பான கருவி. மற்ற இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு காத்திருப்பு.

என் யோசனை: ஆசிரியர் ஓலர்காரராக இருந்தாலொழிய போம் கருவியே வாங்குங்கள். மௌத்பீஸில் மட்டும் உங்கள் ஆசையைக் காட்டுங்கள். எல்லோரும் கையில் திணிக்கும் வான்டோரன் பி45 கொஞ்சம் திறந்த முனை. 5ஆர்வி லைர் அதைவிட மூடியது. அதில் இரண்டரை எண் ரீட் போட்டு ஆரம்பித்து, ஊதும் பலம் கூடக்கூட மூன்றுக்குப் போங்கள். எம்13 இன்னும் மூடிய முனை, அதற்குக் கனமான ரீட் வேண்டும். அதை இப்போது தொடாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக்கில் வரும் புது யமஹா 255, மரத்தாலான பழைய பஃபே ஈ11, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாக பஃபேயின் தொழில்முறைக் கருவியான ஆர்13. மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் "பிளாஸ்டிக்கில் ஊதினால் காது கெட்டுப்போகும், மரம்தான்" என்று பயமுறுத்துகிறார். வாசிப்பது பொழுதுபோக்குக்காக, ஒரு சின்னக் குழுவோடு.

பதில்: உங்கள் நண்பரின் காதை நான் சோதித்ததில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, அதே மௌத்பீஸோடு யமஹா 255-ஐயும் ஒரு மரக் கருவியையும் மாற்றி மாற்றி ஊதச் சொன்னால் அவர் தடுமாறுவார் என்று பந்தயம் கட்டுவேன். கிளாரினெட்டில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம். சுவர் எதனால் ஆனது என்பதைவிட உள்துளை எவ்வளவு துல்லியம், துளைகளின் ஓரம் எவ்வளவு சுத்தம், பேட் காற்று விடாமல் மூடுகிறதா என்பதே பெரிய விஷயம். பஃபே கம்பெனியே கிரெனடில்லா (கிளாரினெட் செய்யும் கறுப்பு மரம்) தூளைக் கார்பன் இழையோடும் பிசினோடும் சேர்த்து அழுத்தி கிரீன்லைன் என்று தன் உயர்ரகக் கருவிகளைத் தருகிறது. அதைத் தொழில்முறைக் கலைஞர்கள் வாங்குகிறார்கள். மரம் என்பதே மந்திரமாக இருந்தால் அது விலைபோயிருக்குமா?

மரத்துக்கு வேறு கவலைகள் உண்டு. புதிதாக வாங்கினால் முதல் சில வாரம் நாளைக்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஊதலாம். ஊதி முடித்ததும் உள்ளே துடைக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்த கருவியில் சூடான மூச்சை உடனே ஊதக் கூடாது, மேல் பாகம் விரிசல் விடும். விரிசல் வந்தாலும் கருவி செத்துவிடாது. ஊசி அடித்து ஒட்டலாம், கார்பன் பட்டை கட்டலாம். நன்றாக ஒட்டிய விரிசல் உள்ள கருவியை விலை குறைகிறது என்பதற்காகவே தேடி வாங்குகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விரிசல் ஒரு சுரத்துளைக்குள் ஓடியிருந்தால் மட்டும் நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

யமஹா 255 சரியான சுருதியில் பேசும், ஒவ்வொரு கருவியும் அடுத்ததைப் போலவே இருக்கும். நான் அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் சாவி உலோகத்தின் உறுதி எனக்குப் பிடிக்கிறது. கூட வரும் 4சி மௌத்பீஸும் மோசமில்லை, ஒரு வருடம் தாராளமாக ஓட்டலாம். பஃபேயின் பிராடிஜியும் அதே வரிசை. இந்த வரிசைக்கும் கீழே, கேள்விப்படாத பெயரில், சிவப்பும் நீலமுமாக வரும் கருவிகள் பக்கம் போகாதீர்கள். என் மேசைக்கு வரும் அவற்றில் பல, சாவியைச் சரிசெய்ய லேசாக வளைத்தால் திரும்பவும் பழைய கோணலுக்கே வந்துவிடுகின்றன. இன்னும் கொஞ்சம் வளைத்தால் ஒடிகின்றன. அவற்றுக்கு உதிரிப்பாகமும் கிடையாது.

ஈ11 நல்ல மரக் கருவி. பஃபே என்றால் பிரான்ஸ் என்று பெருமையாக வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஈ11-களில் ஏராளமானவை ஜெர்மனியில் ஷ்ரைபர் பட்டறையில் தயாரானவை. அதனால் குறை ஒன்றும் இல்லை. ஷ்ரைபர் நல்ல கைகள்.

ஆர்13 என்பது 1955-ல் ரொபேர் கரே வடிவமைத்தது. உள்துளை மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமாக இல்லாமல், மேல் பாகத்தில் படிப்படியாக மாறும். சுருதியும் நாதமும் ஒரு புதுச் சமநிலைக்கு வந்ததற்கு அது ஒரு காரணம். இன்றைக்கும் உலகத்தில் பல ஆர்கெஸ்ட்ராக்களில் அதன் வாரிசுகளே. ஆனால் ஆர்13 ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். கலைஞர்கள் ஐந்தாறு கருவிகளை வரிசையாக வைத்து ஊதிப் பார்த்து ஒன்றைப் பொறுக்குவார்கள். அந்த வித்தியாசத்தைக் கேட்கும் காது வரும்வரை அந்தப் பணத்தைப் போட அவசரமில்லை. போட்டாலும் வீணில்லை, திரும்ப விற்றால் நல்ல விலைக்கே போகும்.

ஆகவே: கூட வந்து ஊதிப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பழைய ஈ11. இல்லையென்றால் புது 255.

பழையது பார்க்கப் போகும்போது பெயரைப் படிப்பதற்கு முன் மேல் பாகத்தைத் தனியாகக் கழற்றுங்கள். இடது கை விரல்களாலும் கட்டை விரலாலும் துளைகளை மூடி, கீழ்ப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலே வாயை வைத்து காற்றை உறிஞ்சுங்கள். உதடு பிடித்துக்கொண்டு சில நொடி நிற்க வேண்டும். புஸ்ஸென்று விட்டுவிட்டால் பேட் போயிருக்கிறது. கீழ்ப் பாகத்துக்கும் இதையே செய்யுங்கள். முழுப் பேட் மாற்றம் வேண்டியிருந்தால், விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் என்னைப் போன்றவன் பைக்குத்தான் வரும். அடுத்து, கீழ் ரெஜிஸ்டரில் ஒரு சுரம், விரலை மாற்றாமல் ரெஜிஸ்டர் சாவியை மட்டும் சேர்த்து அதன் மேல் சுரம். ஈ-க்கு மேலே பி, எஃப்-க்கு மேலே சி, ஜி-க்கு மேலே டி. கிளாரினெட் எட்டாவது சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும் கருவி. டியூனரை வைத்து இந்த ஜோடிகளைப் பாருங்கள். நடுவில் வரும் பி ஃப்ளாட் கொஞ்சம் அடைத்தாற்போல் கேட்டால் பயப்படாதீர்கள். ரெஜிஸ்டர் தாவலுக்கும் அந்தச் சுரத்துக்கும் ஒரே சின்னத் துளை இரட்டை வேலை பார்க்கிறது. விலை உயர்ந்த கருவியிலும் அந்தக் குறை இருக்கும்.

மரக் கருவியை வேறு நாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு வரி. கிரெனடில்லா உட்பட டால்பெர்ஜியா மரங்கள் 2017 ஜனவரியில் பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. தயாரான இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துக் கலங்க வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் கிளாரினெட் பரணில் கிடந்தது. சாவிகள் குறைவு, வளையங்கள் இரண்டுதான். உடம்பில் "ஹெச்.பி." என்று பொறித்திருக்கிறது. கம்ப்யூட்டர் பிராண்டு பெயர் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல். இதைச் சரிபார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள வேறு ஒன்று வாங்குங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஆல்பர்ட் முறையாக இருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸின் யூஜின் ஆல்பர்ட் பெயரால் வழங்குவது. முறையைக் குறைசொல்ல மாட்டேன். ஜாஸ் கலைஞர் ஜானி டாட்ஸ் வாசித்தது அது, டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் பார்னி பிகார்ட் வாசித்ததும் அதுவே. துருக்கியிலும் கிரேக்கத்திலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் இன்றும் அதை விடவில்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல விரலுக்கும் துளைக்கும் நடுவே வளையம் குறைவாக இருப்பது அவர்களுக்கு வசதி.

பிரச்சினை அந்த இரண்டு எழுத்துகளில். ஹெச்.பி. என்றால் ஹை பிட்ச். ஏ சுரம் 452 அதிர்வு வாக்கில் நிற்கும்படி செய்த கருவி. பிரிட்டனின் ராணுவ பேண்டுகள் 1920கள் வரை அந்தச் சுருதியில் வாசித்தன. இன்றைய 440-க்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரு அரைச் சுரத்தில் பாதி தூரம். பேரலை (மௌத்பீஸுக்கு அடியில் வரும் குட்டைக் குழாய்) இழுத்துவிட்டால் இறங்காதா என்று கேட்பீர்கள். இறங்கும். ஆனால் மேலே இருக்கும் சுரங்கள் அதிகம் இறங்கும், கீழே இருப்பவை கொஞ்சம்தான் இறங்கும். கருவி தனக்குத்தானே சுருதி பேதமாகிவிடும். நீளமான பேரல் கடைந்து போட்டாலும் அதே கதை. தனியாக, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் வாசித்தால் இனிமையாகவே இருக்கும். பியானோவோடு சேர்ந்தால் சுற்றியிருப்பவர்கள் எழுந்து போவார்கள்.

"எல்.பி.", அதாவது லோ பிட்ச், என்று பொறித்த ஆல்பர்ட் யாரிடமாவது இருந்தால் இந்தக் கவலை இல்லை. எழுத்தே இல்லாவிட்டால் அளந்து பாருங்கள். பி ஃப்ளாட் கருவி மௌத்பீஸ் நீங்கலாக 60 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குட்டையென்றால் சந்தேகப்படுங்கள். கடைசித் தீர்ப்பு டியூனருடையது.

கேள்வி: ஆல்ட்டோ சாக்ஸஃபோன் பல வருடமாக வாசிக்கிறேன். எந்த முறை கிளாரினெட் என் விரலுக்கு ஒத்துவரும்?

பதில்: போம். வேறு பேச்சே வேண்டாம். மேல் ரெஜிஸ்டரில் டி முதல் பி வரை சாக்ஸில் வைக்கும் அதே விரல்கள், அதே சுரப் பெயர்கள். எஃப் ஷார்ப்புக்கு நடுவிரல் வைப்பதுகூட அப்படியே. கீழ் ரெஜிஸ்டரில்தான் அதே விரலுக்கு வேறு பெயர் வரும், டி வைத்த விரலுக்கு ஜி. அதைப் புதிதாகப் படிக்க வேண்டும். உங்களுக்கு உண்மையான தொந்தரவு துளைகள். சாக்ஸில் சாவியை எங்கே அழுத்தினாலும் மூடும். இங்கே விரல் நுனிச் சதையே மூடி. கொஞ்சம் ஓரம் திறந்தாலும் கீச்சிடும். விரல் மிக மெலிந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் துளைக்குப் பதில் மூடிகள் வைத்த பிளேட்டோ கருவி உண்டு, ஆனால் தேர்வு ரொம்பக் குறைவு. வலது கட்டை விரல் தாங்கிக்கு வளையம் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். கழுத்துப் பட்டையை அதில் மாட்டலாம். சாக்ஸ் வாசித்தவருக்குப் பட்டை இல்லாமல் ஊதுவது தண்டனையாகத்தான் தெரியும்.

கேள்வி: 17 சாவி 6 வளையம் போதுமா? இடது சுண்டுவிரலுக்கு ஈ ஃப்ளாட் நெம்புகோல் வைத்த மாடல் பார்த்தேன். ஃபுல் போம் என்று 20 சாவியோடும் ஒன்று இருந்தது. கூடவே, ஏ கிளாரினெட்டும் வாங்க வேண்டுமா?

பதில்: 17-ம் 6-ம் போதும், உலகத்தில் பெரும்பாலான இசை அதற்குள் அடங்கும். ஈ ஃப்ளாட் நெம்புகோல் இருந்தால் நல்லது. வலது சுண்டுவிரல் சி-யில் மாட்டிக்கொண்டிருக்கும்போது கைகொடுக்கும். அதற்காக ஒரு படி விலை ஏற வேண்டியதில்லை. ஃபுல் போம் அடியில் இன்னும் அரைச் சுரம் இறங்கும், இத்தாலியக் கலைஞர்கள் விரும்பி வாசித்தது. கனம் அதிகம், சரிசெய்யும் இடங்களும் அதிகம். எனக்கு வேலை கொடுக்க ஆசைப்பட்டால் வாங்குங்கள்.

வழக்கமான பி ஃப்ளாட் கிளாரினெட்டைவிட அரைச் சுரம் தாழ்ந்த ஏ கிளாரினெட், நீங்கள் ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும்போது அல்லது மொஸார்ட் 1791-ல் எழுதிய அந்தக் கான்செர்ட்டோவைச் சரியான கருவியில் வாசித்தே தீருவது என்று முடிவெடுக்கும்போது. பேண்டில் அதற்கு வேலையே இல்லை. வாங்கும் நாள் வந்தால் உங்கள் பி ஃப்ளாட் கம்பெனியிலேயே, முடிந்தால் அதே மாடலில் பாருங்கள். ஒரே மௌத்பீஸை ஈர ரீட்டோடு இதிலிருந்து கழற்றி அதில் மாட்டி வாசிப்பதுதான் வழக்கம். மௌத்பீஸின் கார்க் இரண்டு கருவியிலும் ஒரே அளவு இறுக்கமாக இல்லையென்றால் மேடையில் மாற்றும்போது ஒன்று வழுக்கும், இன்னொன்று கழல மறுக்கும். முதல் ஒத்திகைக்கு முன்பே இரண்டு கருவியையும் பழுதுபார்ப்பவரிடம் சேர்த்தே கொண்டுபோய் அந்தக் கார்க்கைச் சரிசெய்துவிடுங்கள்.